சூரிய மின்சாரமும் நியாய விலையும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நூல் பட்டுவாடா முடிந்து கணக்குப் புத்தகத்தை மூடும் வேளையில், நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர்களுள் ஒருவர் கையில் ஒரு வழவழப்பான காகிதத்துடன் வந்து எதிரே அமர்ந்தார். அவருடைய வீட்டு மாடியில் சூரிய மின்சாரச் சாதனம் அமைத்துத் தருவதாகச் சொல்லி ஒரு வியாபாரி கொடுத்துச் சென்ற விலைப்புள்ளி அது. "3 கிலோவாட், சர்க்கார் மானியம் போக ரூ. 1,32,000 மட்டுமே" என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. "ஏன் தம்பி, இது நியாயமான விலைதானா? நாளைக் காலையில் முன்பணம் வாங்க வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்" என்று அவர் கேட்டார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஐயா, ஒரு கட்டு நூல் என்ன விலை என்று உங்களை ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். "எந்த நம்பர் நூல் என்று தெரியாமல் விலை சொல்ல முடியுமா? 40ஆம் நம்பரா, 60ஆம் நம்பரா, ஒற்றை இழையா, முறுக்கியதா, எடை சரியாக இருக்கிறதா, சிட்டத்தில் நீளம் இருக்கிறதா என்று பார்த்தல்லவா சொல்ல வேண்டும்!" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடையும் அதுவேதான். ஒரு சிட்டத்தில் 840 கெஜம் இருக்க வேண்டும், ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுவே நூலின் நம்பர் என்பதை நம் வீட்டுச் சிறுவனும் அறிவான். அளவுகோல் நம் கையில் இருப்பதால் நூல் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது எளிதன்று. சூரிய மின்சார விஷயத்திலோ அளவுகோல் வியாபாரியின் கையில் இருக்கிறது. அதை நம் கைக்கு மாற்றிக்கொள்வது கடினமான காரியமன்று என்பதும், அதைத் தனித்தனியே செய்வதைவிடச் சங்கத்தின் மூலம் செய்வதே சிறந்தது என்பதும் இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

அளவுகோல் எது?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்திற்குப் பிறகு, நம் ஊர்களில் இவ்வியாபாரம் மிகவும் பெருகியிருக்கிறது. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடுகளை அமைப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. அத்திட்டப்படி ஒரு வீட்டிற்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000 வீதமும், மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ. 18,000மும் மானியம் கிடைக்கும். மூன்று கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் மானியம் ரூ. 78,000க்கு மேல் ஏறாது.

இந்த மானியத் தொகைகள் எங்கிருந்து வந்தன? முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்று ரூ. 50,000 என்றும், மூன்றாவது கிலோவாட் ரூ. 45,000 என்றும் ஓர் ஆதார விலையைச் சர்க்கார் வைத்தது. முன்னதில் நூற்றுக்கு 60 பங்கும், பின்னதில் நூற்றுக்கு 40 பங்கும் மானியமாக நிர்ணயமாயின. ஆகவே 3 கிலோவாட் சாதனத்துக்குச் சர்க்கார் மனத்தில் வைத்த விலை ரூ. 1,45,000 ஆகும்.

இந்த ஆதார விலையை உச்சவரம்பு விலை என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு மேல் ஒரு வியாபாரி கேட்டால் அவர் மோசக்காரர் என்றும் பொருளில்லை. மாடி உயரம், சட்டத்தின் உயரம், தகட்டின் ரகம், கம்பியின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து விலை ஏறத்தான் செய்யும். ஆனால் பேச்சைத் தொடங்குவதற்கு இது ஒரு நிலையான புள்ளி. நம் அங்கத்தினர் கொண்டுவந்த காகிதத்தை இப்புள்ளியில் வைத்துப் பார்ப்போம்.

அவர் காட்டிய ரூ. 1,32,000 என்பது சாதனத்தின் விலையே அன்று. மானியம் ரூ. 78,000த்தையும் அதனுடன் கூட்டினால் மெய்யான விலை ரூ. 2,10,000 ஆகிறது, கிலோவாட்டுக்கு ரூ. 70,000. ஆதார விலையைவிட ரூ. 65,000 அதிகம். இந்த ரூ. 65,000 எதற்காக என்று வியாபாரியைக் கேட்பதற்கு நமக்குப் பூரண உரிமை உண்டு. அவர் இனம் இனமாகக் கணக்குச் சொன்னால் விலை நியாயமானதாகவும் இருக்கலாம். "எல்லாம் சேர்த்துத்தான்" என்று மழுப்பினால், நாம் எழுந்துவிடலாம்.

மானியத்தைக் கழித்துக் காட்டும் வழக்கத்தில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மானியம் வியாபாரிக்கு வருவதில்லை. சாதனம் அமைந்து, மின்சார நிறுவனத்தார் பார்வையிட்டு, மீட்டர் பொருத்தி, ஓட்டம் தொடங்கிய பிறகே அது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. அதுவரையில் முழுத் தொகைக்கும் நாமே பொறுப்பு. ஆகையால் எந்த விலைப்புள்ளியானாலும் முதலில் மானியத்தை ஒதுக்கிவிட்டு முழு விலையைப் பாருங்கள். அதைக் கிலோவாட்டால் வகுங்கள். கழித்தல் கணக்கைப் பிறகு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சிட்டத்தில் நீளம் குறைந்தால்

நிற்க. கிலோவாட்டால் வகுக்க வேண்டும் என்றேன். எந்தக் கிலோவாட்? நம் அங்கத்தினரின் காகிதத்தில் மேலே "3 கிலோவாட்" என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் "540 வாட் தகடு 5" என்று இருந்தது. 540ஐ 5ஆல் பெருக்கினால் 2,700 வாட்தான் வருகிறது. அஃதாவது 2.7 கிலோவாட். இன்வெர்ட்டர் மட்டுமே 3 கிலோவாட். தகடு உற்பத்தி செய்யாத மின்சாரத்தை இன்வெர்ட்டர் எங்கிருந்து கொண்டுவரும்?

இதன் பலன் இரண்டு விதமானது. முதலாவது, விலை கிலோவாட்டுக்கு ரூ. 70,000 அன்று, ரூ. 77,700க்கும் மேல். இரண்டாவது, தகடுகளின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கே மானியம் கணக்கிடப்படுகிறது. 2.7 கிலோவாட்டுக்கு மானியம் ரூ. 60,000மும் ரூ. 12,600மும் சேர்ந்து ரூ. 72,600 தான். ரூ. 78,000 வரும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு ரூ. 5,400 குறையும். சிட்டத்தில் நீளம் குறைந்த நூலை முழு விலை கொடுத்து வாங்கியதற்கு இது சமானம்.

வரி விஷயத்தையும் பார்த்துவிடுவோம். சூரிய மின்சாரச் சாதனங்களின் மீதுள்ள ஜி.எஸ்.டி. வரி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் நூற்றுக்கு 12லிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. சாமானும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கைச் சாமானாகவும் 30 பங்கை வேலையாகவும் கொண்டு வரி போடுவது முறை. வேலைக்கு வரி நூற்றுக்கு 18. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முன்பு 13.8 ஆக இருந்த மொத்த வரி இப்போது 8.9 ஆகியிருக்கிறது. நம் அங்கத்தினரின் காகிதம் பழைய வரியில் தயாரானது. வரி நீங்கலான விலையை அப்படியே வைத்துக்கொண்டு வரியை மட்டும் திருத்தினாலே ரூ. 2,10,000 என்பது ஏறத்தாழ ரூ. 2,01,000 ஆகிவிடும். வியாபாரி வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பழைய படிவத்தையே மறுபடியும் அச்சிட்டிருக்கலாம். ஆனால் ரூ. 9,000 நம்முடைய பணம் அல்லவா?

காகிதத்தில் இருக்க வேண்டியவை

நியாயமான விலைப்புள்ளி என்பது முதலில் முழுமையான விலைப்புள்ளியாக இருக்க வேண்டும். தகட்டின் தயாரிப்பாளர் யார், ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை தகடு என்பவை தெளிவாக இருக்க வேண்டும். மானியம் வேண்டுமானால், தகடும் அதனுள் இருக்கும் மின்செல்லும் இந்தியாவிலேயே உற்பத்தியானவையாக இருத்தல் கட்டாயம். இவற்றின் விலை இறக்குமதிச் செல்களைக் கொண்டு செய்த தகடுகளைவிடச் சற்று அதிகம். ஆதலால் இறக்குமதிச் சரக்கின் மலிவு விலையைக் காட்டி, அதே காகிதத்தில் மானியத்தையும் கழித்துக் காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டும் ஒன்றாக நடவா.

இன்வெர்ட்டரின் தயாரிப்பாளரும், அதன் உத்தரவாதக் காலமும் எழுத்தில் இருக்க வேண்டும். தகடுகள் 25 ஆண்டு உழைக்கக்கூடியவை. இருபத்தைந்தாம் ஆண்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு திறன் இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. இடையில் ஒரு முறையேனும் அதை மாற்ற நேரும் என்று எண்ணிக்கொள்வதே விவேகம். ஐந்து ஆண்டு உத்தரவாதமுள்ள இன்வெர்ட்டரையும், பத்து ஆண்டு உத்தரவாதமுள்ளதையும் ஒரே விலைக்குச் சமமாக வைத்துப் பார்க்கலாகாது.

தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் அடுத்தது. இதில்தான் நியாயமான விலை வித்தியாசமும் உண்டு, மறைவான குறைப்பும் உண்டு. நம் வீடுகளில் மாடி வெறும் வெளியன்று. நெசவாளர் வீட்டு மாடியில் சாயமேற்றிய நூல் உலர்கிறது. விவசாயி வீட்டு மாடியில் மிளகாயும் உளுந்தும் காய்கின்றன. தகட்டைத் தரையோடு தரையாக அமைத்தால் செலவு குறையும். ஆனால் மாடி போய்விடும். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் அமைத்தால் இரும்பு அதிகம், கூலி அதிகம், காற்றின் வேகத்தைத் தாங்கும் பலமும் அதிகமாக வேண்டும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கூரைகளுக்கு நேர்ந்த கதியை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகையால் சட்டத்தின் உயரம், இரும்பின் கனம், துத்தநாக முலாம், தளத்துடன் பிணைக்கும் முறை ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். உயரமான சட்டத்திற்காகச் சில ஆயிரம் அதிகம் கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார்.

இடிதாங்கியும், நில இணைப்பும், மின் பாதுகாப்புப் பெட்டிகளும் பிறகு வருகின்றன. தகடுகளின் பக்கம் ஒன்று, வீட்டு மின்சாரத்தின் பக்கம் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியே ஒன்று என மூன்று நில இணைப்புகள் இருப்பது முறை. மலிவு விலை காட்டுபவர்கள் முதலில் கைவைக்கும் இடம் இதுதான். ஏனெனில் இது மண்ணுக்குள் இருப்பது. பிறகு யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

இவற்றுடன், இருவழி மீட்டரின் செலவு யாருடையது, விண்ணப்பம் செய்வதும் மின்சார நிறுவனத்தாரின் பார்வைக்கு ஏற்பாடு செய்வதும் யார் பொறுப்பு என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும். மத்தியத் திட்டத்தின்கீழ் அமைப்பவர் ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. அதையே "எங்கள் சலுகை" என்று சொல்லித் தனியே பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

விலை மிகவும் குறைவாக இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். கூட்டுறவாளராகிய நாம் வியாபாரி லாபமின்றி உழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அல்லர். ஐந்தாண்டுக் காலம் நம் வீட்டுப் படியேறி வந்து பழுது பார்க்க வேண்டியவர் அவர். அவருடைய கடை நடந்தால்தான் நம் உத்தரவாதமும் நடக்கும். மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்று மட்டும் மிகக் கீழே இருந்தால், அவர் எந்தப் பொருளை விட்டுவிட்டார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது சட்டத்திலோ நில இணைப்பிலோ கிடைக்கும்.

ஒரே விலை, மூன்று வீடு

இதுவரை சொன்னவை யாவும் காகிதத்தைப் பற்றியவை. இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்கு நல்லது, விலையும் நியாயமானது என்றாலும், வேண்டாத பொருளுக்கு நியாய விலை என்று ஒன்று இல்லை.

நம் தமிழ்நாட்டில் 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 240 யூனிட். 2 கிலோவாட் என்றால் 480 யூனிட். "நாளைக்கு 6 யூனிட் வரும்" என்று ஒருவர் கிலோவாட்டுக்குக் கணக்குச் சொன்னால், அவர் சித்திரை வெயிலை மட்டும் பார்த்து ஐப்பசி மழையை மறந்தவர். மாடியருகே தென்னை இருந்தால் இன்னும் குறையும். ஒரு தகட்டின் மீது விழும் நிழல் அவ்வரிசை முழுவதையும் பாதிக்கக்கூடும்.

இனி, 2 கிலோவாட் சாதனம் ஒன்று எல்லாம் சேர்த்து ரூ. 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். மானியம் ரூ. 60,000 போக நம் கைப்பணம் ரூ. 80,000. இதை மூன்று வீடுகளில் வைத்துப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிர்ணயமான வீட்டுக் கட்டண வீதங்களை எடுத்துக்கொள்கிறேன். நாம் எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து மீதிக்கே கட்டணம் என்றும் கொள்கிறேன். நிலையான கட்டணம், வலையமைப்புக் கட்டணம் முதலியவை இருந்தால் அவற்றைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு ஒவ்வொருவரும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வீடு ஒரு விவசாயியின் வீடு. கூட்டுக் குடும்பம், குளிர்சாதனம் ஒன்று, குளிர்பெட்டி இரண்டு. இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் ஆகிறது. 100 யூனிட் இலவசம் போக, 400 வரை ரூ. 4.80, 500 வரை ரூ. 6.45, 600 வரை ரூ. 8.55, அதற்கு மேல் ரூ. 9.65 என்று அடுக்கடுக்காக ஏறிக் கட்டணம் ரூ. 4,098 வருகிறது. 480 யூனிட்டைச் சூரியன் கொடுத்தால் மீதி 240 யூனிட், கட்டணம் ரூ. 427. இரண்டு மாதத்துக்கு மீதமாவது ரூ. 3,671. ஆண்டுக்கு ரூ. 22,000. நான்கு ஆண்டு முடிவதற்குள் முதல் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது ஒரு சாதாரணக் குடும்பம். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். 100 இலவசம், அடுத்த 100க்கு ரூ. 2.35, மீதி 160க்கு ரூ. 4.80. ஆகக் கட்டணம் ரூ. 1,003. கட்டணம் முழுவதும் ஒழிந்துபோனாலும் ஆண்டுக்கு மீதமாவது ரூ. 6,000தான். ரூ. 80,000 திரும்பப் பதின்மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரை மாற்றும் வேளையும் வந்துவிடலாம்.

மூன்றாவது ஒரு கைத்தறி நெசவாளரின் வீடு. 2023ஆம் ஆண்டில் மாநிலச் சர்க்கார் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750ஐ 1,000 ஆகவும் உயர்த்தியது. இவ்வீட்டில் செலவாவது 280 யூனிட். கட்டணமே இல்லாத வீட்டில் சூரியன் எதை மீதப்படுத்தும்? ரூ. 80,000 திரும்பவே திரும்பாது. விவசாயிகளின் நிலையும் ஒரு விதத்தில் இதுவே. பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. வீட்டு இணைப்பின் அட்டையை மட்டும் வைத்தே கணக்குப் போட வேண்டும். இரண்டையும் கூட்டிக் காட்டிப் பெரிய சாதனத்தை விற்பவர்கள் உண்டு.

மூன்று வீட்டுக்கும் வியாபாரி ஒருவரே, காகிதமும் ஒன்றே. ஆனால் ஒரு வீட்டுக்கு அது மலிவு, இன்னொரு வீட்டுக்குப் பொறுமையைச் சோதிப்பது, மூன்றாவது வீட்டுக்கு வீண். ஆகையால் விலைப்புள்ளியைப் பார்க்கும் முன்பு மின்கட்டண அட்டையைப் பாருங்கள். ஓராண்டில் ஆறு கணக்கெடுப்புகள் வருகின்றன. ஆறையும் எழுதிப் பாருங்கள். வெயில் காலத்து ஒரு கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மின்வெட்டு வந்தால் சூரியத் தகடு வீட்டுக்கு விளக்கு எரிக்கும் என்று நம்மில் அநேகர் நினைக்கிறார்கள். பொது மின்கம்பியுடன் இணைந்த சாதாரணச் சாதனம், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காக அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. மின்வெட்டிலும் வேண்டுமானால் பாட்டரி வேண்டும். அதற்கு விலை வேறு, மானியம் பாட்டரிக்குக் கிடையாது. பாட்டரியுள்ள விலைப்புள்ளியையும் இல்லாததையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, பட்டையும் பருத்தியையும் ஒரே தராசில் நிறுத்துவது போலாகும்.

கடன் என்னும் இரண்டாவது விலை

நம்மவர் பெரும்பாலும் கடன் வாங்கியே இதைச் செய்வார்கள். அப்போது விலை ஒன்று, வட்டியோடு சேர்ந்த விலை வேறொன்று. ரூ. 1,50,000த்தை நூற்றுக்கு 7 வட்டியில் பத்தாண்டுத் தவணையில் அடைத்தால் மொத்தம் ஏறத்தாழ ரூ. 2,09,000 கட்டுவோம். அதையே நூற்றுக்கு 14 வட்டியில் அடைத்தால் ஏறத்தாழ ரூ. 2,79,500. சாதனத்தின் விலையில் ஐயாயிரம் குறைக்கப் பேரம் பேசிவிட்டு, வியாபாரி காட்டிய இடத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு எழுபதாயிரம் இழப்பது நமக்குத் தகுமா? 3 கிலோவாட் வரையிலான சாதனத்துக்குப் பொதுத்துறை வங்கிகள் பிணையில்லாமல், சாதாரணத் தனிநபர் கடனைவிடக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. முதலில் அங்கே கேளுங்கள். மானியம் வந்ததும் அதைக் கடனில் செலுத்திவிடுங்கள். வேறு செலவுக்கு எடுக்காதீர்கள்.

பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். சரக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கு, அமைத்து முடிந்ததும் ஒரு பங்கு, மீட்டர் பொருத்தி ஓட்டம் தொடங்கியதும் கடைசிப் பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பங்கு நம் கையில் இருக்கும்வரை வியாபாரியின் காலும் நம் வாசலை மறவாது.

சங்கம் செய்ய வேண்டியது

இவ்வளவு கணக்கையும் ஒவ்வொரு நெசவாளரும், ஒவ்வொரு விவசாயியும் தனியே உட்கார்ந்து போட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

1904ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், சென்னைத் திருவல்லிக்கேணியில் சிலர் கூடிக் கலப்படமில்லாத சாமானைச் சரியான எடையில் நியாய விலைக்குப் பெறுவதற்காகப் பண்டகசாலை அமைத்தார்கள். 1935ஆம் ஆண்டில் நெசவாளர்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கோ-ஆப்டெக்ஸ் என்று இன்று நாம் அழைக்கும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தன. அவர்கள் அனைவரும் கண்ட உண்மை ஒன்றுதான். தனியே நிற்பவனுக்கு வியாபாரி விலை சொல்கிறான். கூடி நிற்பவர்களோ வியாபாரியிடம் விலை கேட்கிறார்கள். அரிசிக்கும் நூலுக்கும் உண்மையானது சூரியத் தகட்டுக்கு மட்டும் எப்படிப் பொய்யாகும்?

ஆகவே நம் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு யோசனையைச் சமர்ப்பிக்கிறேன். அங்கத்தினர்களுள் சாதனம் அமைக்க விரும்புகிறவர்கள் தங்கள் மின்கட்டண அட்டையுடன் பெயரைப் பதிவு செய்யட்டும். மூவர் கொண்ட ஒரு சிறு குழு, யாருக்கு இது பயன்படும், எத்தனை கிலோவாட் போதும் என்று அட்டையைப் பார்த்துச் சொல்லட்டும். பயன்படாதவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லும் துணிவும் அக்குழுவுக்கு இருக்கட்டும். பின்னர் தகடு, இன்வெர்ட்டர், சட்டம், நில இணைப்பு, பராமரிப்பு ஆகியவற்றை ஒரே காகிதத்தில் நாமே எழுதி, அதே காகிதத்தை மூன்று நான்கு வியாபாரிகளிடம் கொடுத்து, கிலோவாட்டுக்கு என்ன விலை என்று மூடிய உறையில் கேட்போம். வந்த விலைகளைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். யாரிடம் வாங்குவது என்பது அங்கத்தினரின் சொந்த விருப்பம். பத்து வீட்டு வேலை ஒரே தெருவில் கிடைக்கும் என்றால் வியாபாரிக்கும் வண்டிக் கூலியும் ஆள் கூலியும் மிச்சம். அந்த மிச்சத்தில் நமக்கும் ஒரு பங்கு கேட்பது நியாயமே.

சங்கத்தின் வேலை நூலும் துணியும் விதையும் உரமும்தானே, கூரையைப் பற்றிக் கவலை எதற்கு என்று ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அங்கத்தினர் ஒருவர் கூரைக்காக வாங்கிய கடன் தவணை தவறினால், அவர் நம்மிடம் வாங்கிய கடனும் தவணை தவறும். அவருடைய வீட்டுக் கணக்கும் நம் சங்கக் கணக்கும் ஒரே அடுப்பில் எரிபவை. இன்னும் சிலர், தகட்டின் விலை வருஷத்துக்கு வருஷம் குறைகிறதே, காத்திருக்கலாமே என்பர். பயன் குறைவாக உள்ள வீட்டார் தாராளமாகக் காத்திருக்கலாம். 720 யூனிட் செலவழிக்கும் வீட்டார் ஓராண்டு காத்திருந்தால் ரூ. 22,000 இழக்கிறார்கள், விலை அவ்வளவு குறையுமா என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளலாம்.

முதலில் சொன்ன அங்கத்தினருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மறுநாள் காலை அவர் வியாபாரியிடம் முன்பணம் கொடுக்கவில்லை. தம் மின்கட்டண அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் சங்கத்துக்கு வந்தார். அது மேலே சொன்ன மூன்றாவது வீடு. ஓராண்டுக் கணக்கில் ஐந்து முறை அவர் ஒரு காசும் கட்டியிருக்கவில்லை. அட்டையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, என் தறியே எனக்கு இவ்வளவு மின்சாரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, இது தெரியாமல் போயிற்றே" என்றார். அவருடைய பக்கத்து வீட்டு விவசாயி இப்போது 2 கிலோவாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

இருவரும் செய்தது சரியே. சூரியன் எல்லோருக்கும் ஒன்றுபோல்தான் காய்கிறான். கணக்குத்தான் வீட்டுக்கு வீடு வேறு. இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் வீட்டு அட்டையுடன் வரும் மகாசபைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் யாரேனும் வழவழப்பான காகிதத்துடன் வாசலில் நின்றால், "கிலோவாட்டுக்கு என்ன விலை, தகடு எத்தனை வாட், எத்தனை தகடு?" என்ற கேள்விகளைக் கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை கையெழுத்திட வேண்டாம்.